4 நிமிட வாய்ஸ் மெசேஜ், 50,000 ரூபாய் அபராதம்

டெல்டா கடற்கரையில் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 38 வயது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். மைத்துனரும் இன்னொருவரும் இவரோடு தொழிலுக்குப் போகிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்த ஊர்க்கூட்டத்தில், ‘பக்கத்து ஊர்க்காரன் சுருக்குமடி போட்டு மத்தியை எல்லாம் அள்ளிட்டுப் போறான், நாம கரையில நின்னு பார்க்கணுமா? ஊர்ப் பொதுவுல ஒரு செட்டு வாங்குவோம், தலைக்கட்டுக்கு 15,000’ என்று பஞ்சாயத்தார் சொல்லியிருக்கிறார்கள். சுருக்குமடி என்பது மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலை. தலைக்கட்டு என்பது ஊர் வரிக்கணக்கில் வரும் ஒரு குடும்பம். இவர் எழுந்து, அது தடை செய்த வலை, பிடித்தால் படகும் போகும் பணமும் போகும், என் வரியைத் தரமாட்டேன் என்றிருக்கிறார். ஒத்துப் பேச ஒருவரும் எழவில்லை. அன்று ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குழுவில் 4 நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அதில் மூன்றாவது நிமிடத்தில் ஒரு வரி: “வலை வியாபாரிகிட்ட கமிஷன் வாங்கிட்டுத்தான் இதைக் கொண்டு வர்றாங்க.”

மறுநாள் காலை கோயில் மைக்கில் அழைப்பு வந்தது. 50,000 ரூபாய் அபராதம், மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் முன்னால் விழுந்து மன்னிப்பு. இவர் மறுத்தார். ஊர் இவரைத் தள்ளி வைத்தது. இவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்தால் அவர்களுக்கு 10,000 அபராதம் என்றும் மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஏலத்தில் இவர் மீனைக் கொட்டினால் விலை கேட்க ஆளில்லை. மற்ற பெண்களோடு சேர்ந்து வேன் பிடித்து மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த மனைவியை வேனில் ஏற்றுவதில்லை. மகனை விளையாட்டில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் கடைக்கார அம்மா பால் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, திண்ணையில் இருவர் பார்ப்பதைக் கண்டதும், “இல்லப்பா, இது ஆர்டர் பாலு” என்று திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாராம். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கடிதத்தில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு: ஊர்ப் பஞ்சாயத்தார் எல்லோரையும் உள்ளே தள்ள முடியுமா? பிசிஆர் (தீண்டாமைக்கு எதிரான சட்டம்) வழக்குப் போடலாமா? மனைவி சொல்வதுபோல் கட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாமா? இல்லை, ஊரை விட்டே போய்விடலாமா? கடைசியில், 71 வயது அம்மா தினமும் சொல்வதை எழுதியிருக்கிறார்: “நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா தூக்க நாலு பேர் வருவானா?”

அன்புள்ள வாசகருக்கு,

ஊர்ப் பஞ்சாயத்தை ‘சட்டவிரோதக் கும்பல்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையோடு காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் உங்களுக்கே நஷ்டம், ஏனென்றால் அது பாதிதான் உண்மை. வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றம் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வருவது. உங்கள் பஞ்சாயத்தார் அதில் வருகிறவர்கள் அல்ல. அவர்களுக்கு அபராதம் போட, தண்டனை கொடுக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. அதே சமயம், ஊர்க்காரர்கள் கூடித் தலைவர்களை வைத்துக்கொள்வதும், திருவிழா நடத்துவதும், வரி பிரிப்பதும் குற்றமில்லை. ஊர் இருப்பதில் தப்பில்லை, அது உங்களுக்குச் செய்ததில் இருக்கிறது. வழக்கு முழுக்க இந்தப் பிரிவினையில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள்? கடலோரக் காவல் படைக்கா, பக்கத்துப் படகுக்கா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டக் கரையில் நிவாரணப் பொருள் வந்தபோது, அதை வாங்கித் தலைக்கட்டு வாரியாகப் பங்கிட்டது இதே ஊர்ப் பஞ்சாயத்துகள்தான். அதிலும் குறை இருந்தது. கணவனை இழந்த பெண்கள் சில ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் வராமல் விடுபட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு அரிசி போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டுப்பாட்டினால்தான். பத்து ஊரோடு கடலில் தகராறு, மீன்துறையோடு தகராறு, விசைப்படகோடு தகராறு என்று இருக்கும் இடத்தில், ‘ஊருக்கு ஒரே வாய்’ என்பது அவர்களுக்கு வீம்பு மட்டுமில்லை, தொழில் பாதுகாப்பும்கூட. உங்களை ஒதுக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. எதிர்த்தரப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியாமல் வழக்குக்குப் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கூட்டத்தில் நீங்கள் எழுந்து மறுத்துப் பேசிய அன்று உங்களுக்கு அபராதம் போடவில்லை. முறைத்தார்கள், அவ்வளவுதான். வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகுதான் போட்டார்கள். அதாவது, உங்கள் ஊரிலும் உள்ளே உட்கார்ந்து மறுத்துப் பேச இடம் இருந்திருக்கிறது, குறுகலான இடம் என்றாலும். உடைந்தது அந்த மூன்றாவது நிமிடத்தில்.

அந்த ஒரு வரி

கமிஷன் வாங்கினார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் தெரிந்தது ஆதாரம் ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் உங்கள்மேல் அவதூறு வழக்குப் போட முடியும். போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் அவர்கள் முதலில் எடுத்து வைக்கப்போவது இதைத்தான்.

‘மன்னிப்புக் கேட்டால் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்’ என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏன் கேட்கிறீர்கள்? அந்த ஒரு வரிக்கு மட்டும், எழுத்தில், ‘கோபத்தில் சொல்லிவிட்டேன், என்னிடம் ஆதாரம் இல்லை, வருத்தம் தெரிவிக்கிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதுங்கள். வலையைப் பற்றி, பங்குப் பணத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கட்டும். அதை அந்தக் கடிதத்திலேயே சொல்லுங்கள். கோயில் வாசலில் விழ வேண்டாம். அது வேறு. அது நீங்கள் சொன்ன ஒரு வரிக்கான வருத்தம் இல்லை, இனி வாயே திறக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது மாதிரி.

வலை விஷயத்திலும் ஒரு திருத்தம். ‘சுருக்குமடியை சுப்ரீம் கோர்ட்டே அடியோடு தடை செய்துவிட்டது’ என்று கூட்டத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தடை போட்டது தமிழக அரசு, 2000-இல். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு 12 கடல் மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டி, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, கண்காணிப்புக் கருவி போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. உங்கள் ஊர் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் போய்வருவது 12 மைலுக்கு உள்ளேதான் என்றால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ‘அடியோடு தடை’ என்று நீங்கள் சொன்னபோது, செல்போனில் செய்தி படித்த ஒரு பையன் கூட்டத்தில் இருந்திருந்தால் உங்களைப் பொய்யன் என்று முடிவு கட்டியிருப்பான். ஊருக்கு எதிராகத் தனியாக நிற்கிறவனுக்குச் சின்னத் தப்புக்கூடக் கட்டுப்படியாகாது. இது அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

எது குற்றம், எது குற்றமில்லை

ஒருவர் உங்கள் மீனை ஏலம் கேட்காமல் இருப்பது குற்றமில்லை. உங்களோடு பேசாமல் இருப்பதும் குற்றமில்லை. ‘அவன் மீனை வாங்கினால் உனக்கு 10,000 அபராதம்’ என்று மைக்கில் அறிவிப்பது வேறு கணக்கு. அங்கே ஒருவருடைய விருப்பு வெறுப்பு போய், கூடிச் செய்த மிரட்டல் வந்துவிடுகிறது. உங்கள் வழக்கின் உயிர் அந்த மைக் அறிவிப்பில் இருக்கிறது, பால் பாக்கெட்டில் இல்லை. அந்த அம்மாமேல் கோபப்படாதீர்கள். அவரும் மிரட்டப்பட்டவர்தான்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351-ஆம் பிரிவு இருக்கிறது, பழைய 506 என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பயமுறுத்திப் பணம் பறிப்பது 308. நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்பதால், பறிக்கும் நோக்கத்தோடு பயமுறுத்தியது என்ற அளவில்தான் அது நிற்கும். கடற்கரைக்கோ படகுக்கோ போகவிடாமல் யாராவது வழிமறித்திருந்தால் 126. மறித்ததாகக் கடிதத்தில் இல்லை. இல்லாததைச் சேர்த்து எழுதச் சொல்கிறவர்கள் வருவார்கள். வேண்டாம்.

பிசிஆர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிசிஆர் என்கிற 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையைப் பற்றியது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களைக் காக்க வந்தது. நீங்களும் பஞ்சாயத்தாரும் ஒரே சமூகம், பங்காளிகளும் மாமன் மச்சான்களும். இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. மகாராஷ்டிராவில் சமூகப் புறக்கணிப்புக்கென்றே 2016-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதனால்தான் பொதுச் சட்டப் பிரிவுகளை ஒட்டுப்போட்டு வழக்கை நிறுத்த வேண்டியிருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்துகள் சட்டத்தைக் கையில் எடுப்பதை ஒழிக்க வேண்டும், மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கைகட்டி நிற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. அது சாதிக் கொடுமையை ஒட்டிய தீர்ப்பு, உங்கள் விஷயம் அப்படியே அதில் அடங்காது. ஆனால் அதிகாரிகளை அசைக்க உதவும்.

காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்

போகலாம், தடையில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். ‘ஊரோட பேசி முடிச்சுக்கப்பா’ என்பதுதான் முதல் பதில். மனு ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை போடாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்குப் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். இன்னொரு வழக்கமும் உண்டு. ‘இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும்’ என்று உங்களிடமும் சேர்த்தே பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். அதற்குப் பெயர் நடுநிலை. பாதிக்கப்பட்டவரும் பாதிக்கச் செய்தவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பழகவே இல்லை.

‘எல்லோரையும் உள்ளே தள்ளுவது’ பற்றி: 14 பேர் பெயரைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் சித்தப்பாவும் இருக்கிறார். மைக்கில் பேசியவர், அபராதத்தை அறிவித்தவர், உங்கள் மீனை எடுக்கக்கூடாது என்று ஏலக்காரரிடம் நேரில் சொன்னவர் என்று செயலோடு பெயரைப் பொருத்த முடிகிறவர்கள் மூன்று, நான்கு பேர்தான். அவர்களோடு நிறுத்துங்கள். 14 பேர் மீது வழக்கு என்றால் 14 வீடு ஒன்று சேரும்.

சாட்சி சொல்ல ஆள் வராது, அதனால் பொருள்தான் பேச வேண்டும். மைக் அறிவிப்பை மைத்துனர் செல்போனில் பதிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேலை செய்தார். அந்த போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் அதைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை கிலோ, என்ன மீன், உங்கள் ஊர் ஏலத்தில் அன்று என்ன விலை போனது, நீங்கள் டவுனுக்குக் கொண்டுபோய் என்ன விலைக்கு விற்றீர்கள், வண்டி வாடகை எவ்வளவு. நஷ்டம் கணக்காக இருந்தால்தான் அதிகாரிகள் காதில் ஏறும்.

படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் மீன்துறை கொடுத்தது, ஊர் கொடுத்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணமும் அப்படித்தான். கூட்டுறவு சங்கப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். நீக்கியிருந்தால் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அங்கே ஊர்க் கட்டுப்பாடு செல்லாது.

கட்டிவிட்டு முடிப்பதா, ஊரை விட்டுப் போவதா

உங்கள் மனைவியைப் ‘பயந்தவள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விடியற்காலை 4 மணிக்கு வேனில் இடமில்லாமல், மீன் அன்னக்கூடையோடு பஸ் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்குவது அவர். நீங்கள் கொள்கைக்காகப் படும் கஷ்டத்தில் பாதியை அவர் படுகிறார், கொள்கையில் அவருக்குப் பங்கு கேட்காமலேயே. 50,000 கட்டுவது தப்பான யோசனை என்றே நினைக்கிறேன், ஆனால் காரணம் வேறு: ரசீது இல்லாத அபராதம் அடுத்த அபராதத்துக்கு வழி, அடுத்த முறை இன்னொருவருக்கு இதுவே முன்னுதாரணம். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லி, அவர் சொல்வதையும் கேளுங்கள்.

ஊரை விட்டுப் போவதைப் பற்றி ஒரே வரி: படகு இருக்கிறவன் கரை மாறுவது வாடகை வீடு மாறுவது போல இல்லை. வேறு கரையில் படகு ஏற்ற அந்த ஊரைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் விசாரிப்பது உங்கள் ஊரை.

நான் சொல்லும் வழி, கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: தள்ளிவைத்ததையும் அபராதத்தையும் ரத்து செய்ய வேண்டும், அதை அதே மைக்கில் அறிவிக்க வேண்டும். வலையைப் பற்றி அந்த மனுவில் ஒரு வார்த்தை வேண்டாம். அதற்குத் தனி மனு, தனி நாள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், உங்களுக்காகப் பேச வருகிறவன் வலைக்கு எதிராகவும் பேச வேண்டியதாகிவிடும். அப்போது ஒருவரும் வரமாட்டார்கள்.

மூன்று பேர் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து, ‘நீ சொன்னது சரிதான், எங்களால வாயைத் திறக்க முடியாது’ என்றார்கள் என்று கசப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிடாதீர்கள். அவர்களிடம் வலையைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். ‘பங்கு தராதவனுக்கு வலையில் பங்கு இல்லை, சரி. பால் இல்லை, ஏலம் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?’ என்று மட்டும் அடுத்த கூட்டத்தில் ஒருவர் கேட்டால் போதும். பஞ்சாயத்தார் பக்கம் இருக்கிறவர்கூட இதைக் கேட்கலாம். சில வருடத்துக்கு முன்னால் நான் போன ஒரு பேச்சுவார்த்தையில் கட்டு உடைந்தது அப்படித்தான். இரண்டரை மணி நேரம் யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் பஞ்சாயத்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், டீ தட்டு வந்தபோது முதல் கிளாஸை எடுத்துத் தள்ளிவைக்கப்பட்டவர் கையில் கொடுத்தார். “குடி, ஆறிடப் போவுது” என்றார். மீதி எல்லாம் வட்டாட்சியர் எழுதிய தாள்தான்.

பேச்சுவார்த்தை தோற்றால், அல்லது எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வாழ்வுரிமையும் பேச்சுரிமையும் அரசியல் சட்டத்தின் 21, 19-ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. அதிகாரிகள் உங்கள் மனுமேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதுதான் அங்கே முக்கிய வாதம், ஆகவே மேலே சொன்ன ஒவ்வொரு தாளுக்கும் அத்தாட்சி தேவைப்படும். செலவுக்கு யோசித்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மனைவி தன் பெயரில் மனு கொடுத்தால் அவருக்குக் கிடைக்கும். அவரும் பாதிக்கப்பட்டவர்தானே.

அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் சட்டப் பிரிவு இல்லை. ஆனால் அவர் 71 வருடமாக அந்த ஊரில் எத்தனை சாவுக்கு, எத்தனை பிரசவத்துக்குப் போய் நின்றிருப்பார்! பஞ்சாயத்தாரில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவராகவும் இருப்பார். திங்கட்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்க விடமாட்டார்கள், உட்கார நாற்காலி கொடுப்பார்கள். பேசுவது அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.